புகைப்புரைக்குப் போன பேட்டரிப் பொடி

இங்கே உப்பு நனைவதில்லை. ஸ்வீடனுக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் எனக்கு இது இன்னும் பழகவில்லை. சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்புக் குப்பியைச் சும்மா சாய்த்தாலே பொலபொலவென்று கொட்டுகிறது. நானோ ஊர்ப் பழக்கத்தில் குப்பியை மேசையில் நாலு தட்டுத் தட்டி, ஓங்கி ஒரு குலுக்குக் குலுக்கிக் கவிழ்ப்பேன். முட்டைமேல் ஒரு குன்று எழும்பிவிடும். என் வீட்டுக் குப்பிக்குள் அரிசி மணிகள் கிடப்பதைப் பார்த்த ஒரு ஸ்வீடன்காரத் தோழி, இது என்ன இந்திய மசாலாவா என்று கேட்டாள். இல்லை, ஈரத்தை இழுக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். "எந்த ஈரத்தை?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று அப்பளமாகக் காய்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கதவுப்பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிக்கும். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அரிசியை அன்றைக்கே எடுத்துப்போட்டிருக்கலாம், நான் எடுக்கவில்லை.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையில் எங்கள் வீட்டில் ஜூன் மாதத்து உப்பைக் கரண்டியால் அள்ள முடியாது, ஊற்றத்தான் வேண்டும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் உப்புப் பரணியில், அதாவது ஜாடியில், பாதி தண்ணீராக நிற்கும். தீப்பெட்டி பற்றாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சாக்ஸ் காயவே காயாது. அதற்கெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒரே மருந்துதான் உண்டு, புகைப்புரை. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு, அடியில் விறகும் தேங்காய்த் தொண்டும் மூட்டிப் புகையில் உலர்த்துகிற சின்ன அறை அது. வீட்டில் எது நனைந்து கிடந்தாலும், கண்ணில் பட்டவர் ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடுவார். யூனிஃபார்ம், செருப்பு, நெத்தோலிக் கருவாடு, ஒரு தடவை பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகங்கள்கூட. அந்த வருடக் கிறிஸ்மஸ் ஆராதனையில் எங்கள் சபை முழுக்கப் புகை மணத்தோடு பாடியது. இந்தப் பழக்கத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நான் செய்கிற வேலையும் உப்போடு ஒட்டியதுதான். உங்கள் போனில் இருக்கும் பேட்டரியில் லித்தியம் ஓடுகிறது. அதன் இடத்தில் சோடியத்தை ஓடவைக்க உலகமெங்கும் முயன்றுகொண்டிருக்கிறார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சோடியம் கடலிலேயே கிடக்கிறது, அதைத் தோண்டி எடுக்க எந்த நாட்டு மலையையும் உடைக்க வேண்டாம். அந்தச் சோடியம் வந்து தங்கிப் போவதற்கு பேட்டரிக்குள் ஒரு வீடு வேண்டும். இரும்பு, மாங்கனீஸ் போன்றவற்றைச் சோடியத்தோடு கலந்து உலையில் சுட்டால் ஒரு கறுப்புப் பொடி கிடைக்கும். நுணுகிப் பார்த்தால் அதில் உலோகமும் ஆக்சிஜனும் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும், தட்டுகளுக்கு நடுவே சோடியம் உட்கார்ந்திருக்கும். சார்ஜ் ஏற்றும்போது சோடியம் வெளியே கிளம்பிப்போகும், பேட்டரி வேலை செய்யும்போது திரும்பி வந்து உட்காரும். அடுக்கு ஆக்சைடு என்பது இவ்வளவுதான். சொல்லும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. இத்தனை வருடம் இதையே பார்த்தும் அலுக்கவில்லை.

இந்தப் பொடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, ஈரக் காற்று ஆகவே ஆகாது. காற்றில் உள்ள தண்ணீரும் கரியமில வாயுவும் சேர்ந்து தட்டுகளுக்கு நடுவிலிருக்கும் சோடியத்தை வெளியே இழுத்துவிடும். பொடியின்மேல் வெள்ளை பூக்கும், காரம் ஏறும். அதை ஒட்டும் திரவத்தில் கலந்து அலுமினியத் தாளில் பூசப்போனால், கலவை கண்ணெதிரே கட்டியாகிவிடும். இங்கே வந்த புதிதில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது, "யார் இதில் ஆசிட் ஊற்றியது?" என்று கேட்டுவிட்டேன். ரப்பர்ப்பாலில் ஆசிட் விட்டால் உறையும், அது எனக்கு எழுத்துப் படிக்கும் முன்பே தெரியும். எங்கள் ஆய்வுக்குழுத் தலைவி இங்ரிட் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இங்கே உறைவது ஆசிட்டால் அல்ல, நேர் எதிரான காரத்தால். உறைந்த கலவையைக் கரண்டியால் குத்திப் பார்த்தேன், ரப்பர்ப்பால் ஊற்றும் டிஷ்ஷில் உறைந்து கிடக்கும் ஷீட் மாதிரியே ஆடியது. ஸ்வீடனில் முதன்முதலாக எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது அந்த நாசமாய்ப்போன பேட்டரிக் கலவையைப் பார்த்துத்தான்.

அதனால் இந்தப் பொடியை எல்லோரும் ஈரமே இல்லாத உலர் அறையில் வைத்துத்தான் கையாளுகிறார்கள். அந்த அறையைக் கட்டவும் ஓட்டவும் ஆகும் செலவில் சோடியம் மலிவு என்ற பேச்சே பொய்யாகிவிடும். நான் இரும்போடும் மாங்கனீஸோடும் கொஞ்சம் செம்பும் டைட்டானியமும் சேர்த்து ஒரு பொடி செய்திருந்தேன், காற்றைத் தாங்கும் பொடி. மேசைமேல் திறந்து வைத்தோம், வாரக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கைதட்டலில் சமாதானம் இல்லை. கூட்டத்தில் எழுந்து, "இந்த ஊர்க் குளிர்காலக் காற்றில் எதுதான் கெடும்? ஜூன் மாதம் எங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள், அப்புறம் கைதட்டலாம்" என்றேன். எங்கள் ஊரில் இப்படி ஒருத்தி சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சாயா குடிக்கப் போவார்கள். இங்ரிட் சிரிக்கவில்லை. "நல்ல யோசனை. உனக்கு ஜூனில் லீவு உண்டல்லவா?" என்றார். ஸ்வீடன்காரர்களிடம் பேச்சுக்கு எதையும் சொல்லக் கூடாது, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். எங்களிடம் அப்போது ஈரக் காற்றை உண்டாக்கும் பெட்டி கிடையாது, வாங்கவும் வழியில்லை. இப்படித்தான் எங்கள் பாறசாலை வீடு ஒரு ஸ்வீடன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஆனது.

விளையாட்டாகத் தொடங்கினாலும் விஷயம் விளையாட்டல்ல. பொடியில் ஒரு கம்பெனி கண் வைத்திருந்தது. சாதாரண ஈரக் காற்றைத் தாங்கும் என்று காட்டினால் பூச்சுப் பட்டறை போட்டுப் பார்ப்போம், இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். நின்றால் என் வேலையும் நிற்கும், விசாவும் நிற்கும். இங்ரிட்டிடம் சொல்லாத இன்னொரு கணக்கும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உலர் அறை வேண்டாம் என்றால் இந்தப் பட்டறையை எங்கே வேண்டுமானாலும் போடலாம். நெய்யாற்றின்கரையில் போடலாம், பெருங்கடவிளையில் போடலாம். அப்போது நானும் வீட்டிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகலாம். ஆகவே அந்தப் பொடி எங்கள் மழையைத் தாங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அறிவியலுக்காக மட்டும் அல்ல.

உரிய அனுமதியோடு, முறைப்படி பொதிந்து பொடியில் பாதியை ஊருக்கு வரவழைத்தேன். மறுபாதி ஸ்வீடனிலேயே, ஆர்கான் வாயு நிரப்பிய க்ளோவ் பாக்ஸுக்குள், ஒரு துளிக் காற்றும் படாமல் இருந்தது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். வீட்டின் பின்புறச் சாய்ப்பில் விறகு அடுக்கும் பலகையைத் துடைத்து, கண்ணாடித் தட்டில் பொடியைப் பரப்பி, கொசுவலைத் துண்டால் மூடி, பக்கத்தில் ஈரமானியும் வைத்தேன். அதன் முள் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"உப்புலதான் பேட்டரி ஓட்டுதேன்னு சொன்னே. இது உமிக்கரி மாதிரில்லா கெடக்கு?"

"அதுக்குள்ள சோடியம் உண்டும்மா. உப்புல இருக்கப்பட்ட அதே சாதனமாக்கும்."

"பின்ன உப்பத் தண்ணில கரைச்சு ஊத்துனா போராதா? எதுக்காக்கும் இந்தப் பாடு?"

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், மகள் உப்பில் பேட்டரி செய்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். பாதிப் பேர் தமிழில் கேட்டார்கள், பாதிப் பேர் மலையாளத்தில் கேட்டார்கள், சிலர் ஒரே வாக்கியத்தில் இரண்டிலும் கேட்டார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் நாங்கள் மலையாளத்துக்காரர்கள், திருவனந்தபுரம் போனால் பாண்டிக்காரர்கள், அதாவது தமிழர்கள். எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், பொடியைத் தொடக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

லீவு முடியச் சில நாட்களே இருந்தபோது காட்டாக்கடையில் சித்தி மகளுக்குக் கல்யாணம். போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மதியம் திரும்பினேன். குடையை மடக்கக்கூட இல்லை, நேரே சாய்ப்புக்குப் போனேன். ஈரமானி இருந்தது, கொசுவலை மடித்து வைத்திருந்தது, தட்டைக் காணோம். மைனி, அதாவது என் அண்ணன் மனைவி ஸ்டெல்லா, அடுக்களையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை, வீட்டுக்கு வந்தால் ரப்பர் ஷீட்டும் அவள் பொறுப்புத்தான். அவள் முகத்தில் நல்ல காரியம் செய்த களை இருந்தது.

"வந்தியா மக்கா? உனக்க பொடி நனஞ்சு கட்டி கட்டியாட்டு கெடந்து. சாரல் வேற அடிக்குது. பாத்தேன், நானாக்கும் எடுத்துப் புகைப்புரையில வச்சேன். நல்லா காஞ்சிருக்கும்."

"மைனி! தொடப்படாதுன்னு சொன்னேன்லியா!"

"நான் பொடியத் தொடல்லியே. தட்டத்தானே தூக்கினேன்? கையுறையும் போட்டாக்கும் தூக்கினேன்."

நர்ஸ் அல்லவா, சுத்தத்தில் குறையே வைக்கவில்லை. நான் புகைப்புரைக்கு ஓடினேன். மஞ்சளாகத் தொங்கிய ஷீட்டுகளுக்கு நடுவே, மூங்கில் கழியின்மேல், என் பல வருட உழைப்பு அமைதியாகப் புகை குடித்துக்கொண்டிருந்தது. ஈர விறகு புகைந்தது, ஈர ஷீட்டுகளிலிருந்து ஆவி எழும்பியது, அறை சூடாக இருந்தது. தண்ணீர், கரியமில வாயு, வெப்பம். என் பொடிக்கு எதெல்லாம் எமனோ அதெல்லாம் ஒரே அறையில் கூடியிருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். புகையால் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று நன்றாகவே அழுதேன். மைனி வாசலில் நின்றபடி, "நனைய வைக்கத்தான் வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா? நனைய வைக்க இந்த உலகத்துல ஆராவது சாதனம் வப்பினுமா?" என்றாள். அவள் குரலும் கலங்கியிருந்தது. நியாயமான கேள்விதான். தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், நனையட்டும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

இங்ரிட்டை அழைத்து நடந்ததைச் சொன்னேன். புகைப்புரைக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் ஸ்மோக்ஹவுஸ், அதைத்தான் சொன்னேன். "நம்முடைய கேத்தோடுப் பொடியை நீங்கள் மீன் மாதிரிப் புகை போட்டீர்களா? எதற்கு? சுவைக்காகவா?" என்றார். மீன் இல்லை, ரப்பர் என்றேன். அது அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. ரப்பர், மழை, சாக்ஸ், கருவாடு, பாட்டுப் புத்தகம் என்று முதலிலிருந்து விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த அறையில் கரியமில வாயு அதிகம், நீராவி அதிகம், சூடும் இருக்கிறது, சரிதானே? இவ்வளவு கொடூரமான சோதனையைச் செய்ய யாருக்கும் தைரியம் வராது. தட்டை எடுக்காதே" என்றார்.

எடுக்கவில்லை. ஈரமானியையும் உள்ளே கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். அழுகை நின்று, ஒரு பைத்தியக்கார உற்சாகம் தொற்றிக்கொண்டது. இனி பிழைத்தால் ராஜா, போனால் மொத்தமும் போகட்டும். மைனி டியூட்டிக்குப் போகுமுன் விறகு வைப்பாள், வந்ததும் முதலில் தட்டைப் பார்ப்பாள், நோயாளியின் நிலைமை சொல்வதுபோல, "இப்ப வரைக்கும் கொழப்பமில்ல" என்பாள். அம்மா பெண்கள் ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் கொடுத்தாள். அங்கே ரப்பர் விலைக்காகவும், ஒரு அக்காவின் முழங்காலுக்காகவும், உப்பு பேட்டரிக்காகவும் வரிசையாக ஜெபித்தார்கள்.

பொடி ஸ்வீடனுக்குத் திரும்பி வந்த அன்று, ஆய்வுக்கூடத்தில் மூடியைத் திறந்ததும் புகைப்புரை மணம் எழும்பியது. அடுத்த அறையிலிருந்து ஒருவர் வந்து, யாராவது இறைச்சி சமைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பொடியின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை பூத்திருந்தது. ஒட்டும் திரவத்தில் மின்சாரம் கடத்தும் கரியையும் பொடியையும் போட்டுக் கலக்கத் தொடங்கினோம். கெட்ட பொடியாக இருந்தால் இந்த இடத்தில்தான் உறையும். நானும் இங்ரிட்டும் குப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டிஷ்ஷில் பால் உறைவதற்காகச் சின்ன வயதில் எத்தனையோ காலைகளில் காத்து நின்றிருக்கிறேன், உறையக் கூடாது என்று காத்து நின்றது அன்றைக்குத்தான். கலவையை எடுத்து அலுமினியத் தாளில் ஊற்றினேன். அது ஓடியது. தேன்போல நிதானமாக, ஒரு கட்டி இல்லாமல் ஓடியது. பூச்சுக் கத்தியை இழுத்தேன், பின்னாலேயே பளபளவென்று கறுப்புப் பட்டை விரிந்தது. நான் தமிழில் என்னவோ கத்தினேன். அவர் ஸ்வீடிஷில் என்னவோ கத்தினார். யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பூச்சு ஓடினால் போதாது, பேட்டரியும் ஓட வேண்டும். நாணய அளவில் சின்னச் சின்ன பேட்டரிகள் செய்து சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஆர்கானில் சொகுசாக இருந்த பாதியைவிட எங்கள் ஊருக்குப் போய்வந்த பாதி கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் தந்தது, பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் தட்டுகள் தட்டுகளாகவே நின்றன, சோடியம் போய்ப் போய்த் திரும்பி வந்தது. உடனே மைனிக்குப் போன் போட்டேன்.

"மைனி, ஜெயிச்சிட்டு! உங்க புகையில கெடந்த பொடி ஓடுது!"

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் மைனி. "நல்லா காஞ்ச சாதனம் கெடுமா?"

அவளைப் பொறுத்தவரை பொடியைக் காப்பாற்றியதே அவள்தான். நான் திருத்தப் போகவில்லை.

கம்பெனி பட்டறை போடச் சம்மதித்தது. எங்கே என்று கேட்டேன். ஸ்வீடனின் வடக்கே, இதைவிடக் குளிரும் இதைவிட உலர்ந்த காற்றும் உள்ள ஒரு ஊரின் பெயரைச் சொன்னார்கள். இடம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, என் வேலையும் விசாவும் நீட்டிப்பாகிவிட்டன, நான் அங்கேயும் போய்வர வேண்டும். பாறசாலை மழையைத் தாங்குகிற பொடியை மழைத் துளி பனியாக விழும் ஊரில் செய்யப்போகிறார்கள். இந்தியாவில் ஒன்று எப்போது என்றேன். பிறகு பார்க்கலாம் என்றார்கள். இங்கே பிறகு பார்க்கலாம் என்றால் உண்மையிலேயே பிறகு பார்ப்பார்கள், அதனால் நான் நம்பிக்கையை விடவில்லை. வேலை நிலைத்த சந்தோஷத்தில் அன்று எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது அம்மா முதலில் தோத்திரம் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"அந்தப் பொடிக்கு இஞ்ச கெடக்க ஒக்கும்னா, உனக்கு ஒக்காதா மக்கா?"

"வாறேன்மா. பட்டறை அங்க வரும்போ வாறேன்" என்றேன். அழுகை வந்தது. இந்தத் தடவை சாக்குச் சொல்லப் புகையும் இல்லை.

கம்பெனி தந்த பணத்தில் இங்ரிட் முதல் வேலையாக ஈரக் காற்றுப் பெட்டி ஒன்று வாங்கினார். ஆள் உயர அலமாரி மாதிரி இருக்கும். வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் சொல்லிவிட்டால் உள்ளே அந்தக் காற்றை உண்டாக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டுச் சாய்ப்பில் ஈரமானி காட்டியதைத்தான் அதில் பதித்திருக்கிறோம். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பொடியும் அதில் கிடந்து தேறினால்தான் வெளியே போகலாம். பெட்டியின் நெற்றியில் வெள்ளை டேப் ஒட்டி, இங்ரிட் தன் கையால் ஸ்வீடன் எழுத்துக்கூட்டில் பாறசாலை என்று எழுதியிருக்கிறார். "இது பாறசாலையில் எத்தனை நாள் இருந்தது?" என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

இன்று காலை வெளியே முழங்கால் அளவு பனி. பொடித் தட்டை எடுக்கப் பெட்டியின் கதவைத் திறந்தேன். வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் வந்து அப்பியது, மூக்குக் கண்ணாடி சட்டென்று பூத்து ஒன்றுமே தெரியாமல் போனது. வெடித்த உதடு நனைந்தது. கண்ணை மூடினால் ஜூன் மாதம், புகை மணம் ஒன்றுதான் குறை. தட்டை எடுக்க மறந்து அப்படியே நின்றேன். பின்னாலிருந்து இங்ரிட், "கதவை மூடு, ஈரமெல்லாம் வெளியே போகிறது" என்றார். மூடினேன். கண்ணாடியைத் துடைக்கக் கை போவதற்குள் இந்தக் காற்று அதைக் காயவைத்துவிட்டது. தட்டு இன்னும் உள்ளேதான் இருந்தது. மறுபடியும் திறந்தேன்.